தண்ணீர் குடிக்கும் மண்

பீளமேட்டைத் தாண்டியிருந்த சோளக்காடுகளைச் சைட்டுகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் அங்கே வீடு கட்டினோம். தெருவுக்கு மண்பாதைதான். சாக்கடை வரவில்லை. அவரவர் வீட்டுக் கழிவுநீரை அவரவரே தீர்த்துக்கொள்ள வேண்டும். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் பின்புறம் ஒரு குழிக்கோ வாழைக்கோ விட்டுவிடுவார்கள். கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டுகிற மண் அது. குழி சீக்கிரமே நிரம்பி, தண்ணீர் சலதாரை வழியாகத் தெருவுக்கு வந்து தேங்கும். அதற்காக நடக்கிற சண்டைகளிலும் மரியாதை குறையாது. "ஏனுங்க, உங்கூட்டுத் தண்ணி எங்கூட்டு வாசல்ல வந்து நிக்குதுங்க" என்று தொடங்கும். பிறகு ஆறு மாதம் இரு வீட்டுக்கும் பேச்சு இருக்காது.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. பின்புறம், பொடக்காலியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்கட்டு. அதன் அடியில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நின்றதே கிடையாது. ஒரு சுழி தெரியும், பிறகு ஈரம்தான் மிச்சம். என் மாமியாருக்கு அதில் அவ்வளவு பெருமை. வருகிறவர்களையெல்லாம் பின்புறம் கூட்டிப்போய், ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துக் காட்டுவார்.

"எங்கூட்டு மண்ணு எத்தன ஊத்துனாலும் குடிச்சுப்போடுமுங்க" என்பார். வாழைத்தார் ஒவ்வொன்றும் ஒருவர் தூக்கமுடியாத கனம் இருக்கும். தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுப் பழம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பெருமையோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறை தெருவில் தண்ணீர் விட்டதற்காகப் பேச்சு வாங்கி நின்றபோது, மாமியாரே கொத்தனாரை வரவழைத்து, நடுச்சுவரில் ஒரு துளை போட்டு, அந்த வீட்டுத் தண்ணீரும் எங்கள் வாழைக்கு வரும்படி செய்துவிட்டார். அந்த அக்கா முதலில் வேண்டாம் என்றுதான் மறுத்தார். மறுத்த விதம் எனக்கு அப்போது கூச்சமாகப் பட்டது. மாமியார் விடவில்லை. இரண்டு வீட்டுத் தண்ணீரும் அந்த ஒரே இடத்தில் இறங்கத் தொடங்கியது.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்று எங்கள் இரு வீட்டாருக்கும் தெரியும். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். மகள் புளியங்கொட்டையை விழுங்கியதற்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். டாக்டர் சிரித்து அனுப்பினார். கணிதத்தில் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் படிப்பு என் பயத்தைக் குறைக்கவில்லை, பயப்படுவதற்குக் கூடுதலாகக் காரணங்களைத்தான் கொடுத்தது. என் கணவர் மோட்டார் பம்பு தயாரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர், நிதானமானவர். "அம்மணி, நீயா ஒண்ண நெனச்சுக்காத" என்பது அவர் எனக்குச் சொல்கிற மருந்து. பெரும்பாலும் அந்த மருந்து கேட்டிருக்கிறது. அதனால்தான் அந்த வருடம் நான் பார்த்ததை நானே நம்பவில்லை.

முதலில் பந்து. மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அவள் மத்தியானம் தூங்குகிற பின்னறையில், ஒரு சிவப்பு ரப்பர் பந்தை எங்கே வைத்தாலும் அது மெல்ல நகர்ந்து பொடக்காலிப் பக்கத்து மூலைக்கே போனது. அவளுக்கு அது விளையாட்டு. வைப்பாள், பந்து போவதைப் பார்த்துக் கைதட்டுவாள். தரை போட்டவர் வாட்டம் தவறிப் போட்டுவிட்டார் என்று கணவர் சொன்னார். அப்படியும் இருக்கலாம். ஆனால் குடிவந்த புதிதில் அந்தப் பந்து வைத்த இடத்தில் நின்றது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததா, நினைவிருப்பதாக நினைத்துக்கொண்டேனா என்று பல நாள் யோசித்தேன்.

பிறகு பின்கதவு. மழையில்லாத மாதத்தில் மரம் ஊதுமா? கதவு நிலையில் உரசி, தோளால் தள்ளினால்தான் திறந்தது. தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடியும் உரசியது.

பிறகு சுவரில் ஒரு விரிசல். அதே மூலையில், தலைமயிர் அளவுதான். புது வீட்டில் பூச்சு வெடிப்பது சாதாரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். யாருக்கும் தெரியாமல் நான் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து விரிசலின் குறுக்கே ஒட்டினேன். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். தினமும் படுக்கையை உதறும் சாக்கில் போய்ப் பார்ப்பேன். ஒரு காலை, பொட்டின் ஒரு பாதி சுவரைவிட்டு எழும்பி நின்றது. பசை காய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு இன்னொன்று ஒட்டினேன். அதுவும் அப்படியே எழும்பியது. அடுத்ததாக எதை ஒட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

இதற்கிடையில் மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். மொட்டை குலதெய்வக் கோயிலில் முன்பே முடிந்துவிட்டது. காது குத்தையும் அங்கேயே வைத்திருக்கலாம். ஆனால் வீடு கட்டியபின் ஒறம்பரை என்று சொந்தக்காரர் யாரும் வந்து பார்க்கவில்லை என்பது மாமியாரின் மனக்குறை. அதனால் விசேஷம் வீட்டில் என்று முடிவானது. முன்வாசலில் பந்தல், பொடக்காலியில் சமையல், கை கழுவப் பின்புறம் வாழையடி. அந்தக் கடைசி ஏற்பாட்டை மாமியார் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எத்தனை பேர் கை கழுவினாலும் சேறாகாதாம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் பந்தல்காரர் வந்தார். முன்வாசலில் மூங்கில் நடக் கடப்பாரை போட்டபோது ஒவ்வொரு குத்துக்கும் கல்லில் பட்டு நங்கென்று சத்தம் வந்தது. வேர்த்துப்போனார். பின்புறம் சமையலுக்கு ஒரு தகரப்பந்தல் வேண்டும் என்று வாழையை ஒட்டி ஒரு குத்துக் குத்தினார். கடப்பாரை பாதிக்கு மேல் உள்ளே இறங்கியது. ஆட்டி எடுக்கப் பார்த்தார். கையைவிட்டு நழுவி முழுதாக மண்ணுக்குள் போய்விட்டது. விழுந்த சத்தம்கூட வரவில்லை.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார்.

"உங்கூட்டு மண்ணு தண்ணி மட்டுந்தான் குடிக்கும்னு பெரியம்மா சொன்னாங்க. கடப்பாரையவும் முழுங்கிப்போட்டுதுங்களே."

மாமியாரும் சிரித்தார். பெரிய எலிவளை ஏதாவது இருக்கும், இக்கட்டால, இந்தப் பக்கமாத் தள்ளிக் குத்தப்பா என்றார். அவருக்குக் காப்பி கொடுக்கும்படி என்னிடம் சொன்னார். நான் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தேன். கன்னத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது. ஈர வாடையோடு, எரிந்துபோன ஏதோ ஒன்றின் வாடையும் வந்தது. துளையின் ஓரத்து மண் செம்மண்ணாக இல்லை, கரி போல இருந்தது.

நிமிர்ந்தபோது நடுச்சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அக்காவின் முகம் தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணும் கண்ணும் பட்டதும் உள்ளே போய்விட்டார். எங்கள் பக்கம் யாரும் "வாரேனுங்க" என்று சொல்லாமல் நகரமாட்டார்கள். அந்த அக்காவும் ஒருநாளும் அப்படி நகர்ந்ததில்லை.

காப்பியைக் கொடுத்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். மோர் கொண்டுவந்தார். எத்தனை பேருக்குச் சமையல், மாமன் என்ன சீர் கொண்டுவருகிறார், தோடு எந்தக் கடையில் என்று விசாரித்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்துக் காடெல்லாம் ஒருகாலத்தில் அவர் மாமனாரின் பங்காளிகளுடையது என்பது எனக்குத் தெரியும். அதுவரை அதில் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றியதில்லை.

"அக்கா, அந்த எடத்துல முன்னால என்ன இருந்துச்சுங்க?" என்றேன்.

அவர் மகளின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு விசேசத்த வெச்சுட்டு அதெல்லாம் எதுக்குக் கண்ணு."

"சொல்லுங்க்கா."

"ஒரு கெணறு இருந்துச்சு."

அவர் கல்யாணமாகி வந்த புதிதில் அதில் தண்ணீர் இருந்ததாம். நாலு பக்கமும் கல்கட்டிய பெரிய தோட்டத்துக் கிணறு. உள்ளே இறங்கப் படி உண்டு. பையன்கள் மேட்டிலிருந்து குதிப்பார்கள். சுற்றிலும் போர் போட்டபின் வற்றிவிட்டது. சைட்டு போட்டவர்கள் லாரி லாரியாக, இரும்பு வார்க்கிற பவுண்டரியில் எரித்துக் கழித்த கருமண்ணைக் கொண்டுவந்து கொட்டி மூடினார்கள். மேலே ஒரு சாண் செம்மண். மழைக்குப் பிறகு அதில் புல்கூட முளைத்துவிட்டது.

"ஊட்டுக்கு அடியில வருதுங்களா?" என்று கேட்டேன்.

"அது தெரியல கண்ணு. வேம்பு ஒண்ணு இருந்துச்சு, களம் இருந்துச்சு. அத வெச்சுத்தான் எடம் சொல்லோணும். ரெண்டும் இப்ப இல்ல. வாழ இருக்கற எடம் கெணறுதான். அக்கட்டால எவ்வளவு தூரம் போகுதுன்னு சத்தியமாத் தெரியல."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்காமலேயே அவர் சொன்னார்.

"நாங்க இந்த ஊட்டுக்குக் குடிவந்து பாக்கறப்ப நீங்க பால் காச்சறீங்க. பத்திரிகை வெச்சுக் கூப்புட்டீங்க. சிரிச்ச மொகமா எலையில சோறு போடறவங்ககிட்ட, உங்க ஊட்டுக்கடியில கெணறுங்கன்னு எப்புடிக் கண்ணு சொல்றது? அன்னைக்குச் சொல்லல. அப்பறம் சொல்லறக்கு நாளே வரல."

கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு, வாரேனுங்க என்றுதான் வந்திருப்பேன். சைட்டு வாங்கும்போது வில்லங்கம் இருக்கிறதா என்று என் கணவர் இரண்டு முறை பதிவு அலுவலகத்துக்கு நடந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் இது என்னவாக இருந்த இடம் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: உங்கள் வீட்டுத் தண்ணீரை நாளைக்கு மட்டுமாவது விடவேண்டாம். அவர் எழுந்துபோய், பழைய சேலையைச் சுருட்டி நடுச்சுவர்த் துளையை அடைத்தார்.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பின்புறம் போய், பந்தல் மூங்கில் ஒன்றைக் கடப்பாரை போன துளையில் விட்டுப் பார்த்தார், அடி தட்டவில்லை. திரும்பி வந்து கை கழுவினார். தனக்குத் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார், விசேஷம் முடிந்த மறுநாளே கூட்டிவருகிறேன் என்றார். வீடு கட்டி இவ்வளவு நாள் நின்றது நாளை ஒரு நாள் நிற்காதா என்றார். காய்கறி வந்து இறங்கிவிட்டது. சோமனூரிலிருந்து அவர் சித்தி குடும்பம் அன்று மாலையே வந்துவிட்டது. அவர் சொன்னதில் தவறில்லை. என்னிடம் இருந்தவையோ ஒரு பந்து, ஒரு பொட்டு, ஒரு கடப்பாரை.

மாமியாரிடமும் அவரே சொன்னார். மாமியாரின் முகம் சுருங்கிப்போனது.

"நல்ல காரியம் நடக்கற ஊட்டுல கெணறு குழின்னு பேசறதா? வாழ எப்புடி வந்திருக்குதுன்னு பாரு. கெட்ட எடமா இருந்தா அப்புடி வருமா? கம்முனு இரு அம்மணி. ஒறம்பரை காதுல உளுந்துபோடும்."

நான் கம்மென்று இருந்தேன். மகளின் படுக்கையை மட்டும் முன்னறைக்கு மாற்றினேன். வந்தவர்களுக்கு இடம் வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பின்னறையில்தான் வந்தவர்களின் குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். என் குழந்தையை எடுத்துக்கொண்டு மற்றவர்களின் குழந்தைகளை அங்கே விட்டிருக்கிறேன் என்று புரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் குழந்தைகளையும், கொசு என்று சொல்லி, முன்னால் அழைத்து வந்தேன். சித்திக்கு அது பிடிக்கவில்லை. புது வீட்டில் அறையைத் தர மனசில்லை என்று அவர் நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

விடிந்ததும் சமையல்காரர் ஆட்களோடு வந்தார். பெரிய அண்டாக்கள், விறகு, தண்ணீர் பிடித்துவைக்க இரும்புப் பீப்பாய்கள். அவற்றை வாழைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு கனம் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். கணவர் மைக் செட்டுக்காரரைப் பார்க்கப் போயிருந்தார்.

நான் சமையல்காரரிடம் போய், அடுப்பையும் பீப்பாய்களையும் எதிரில் இருக்கிற காலி சைட்டில் வைக்கச் சொன்னேன். அத்தை சொன்னாங்க என்றேன். என் வாழ்நாளில் மாமியார் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னது அதுதான் முதல் முறை. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சரிங்க என்று கல்லைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்று அவசரப்படுத்தினேன். எங்கள் பக்கம் விசேஷத்துக்குக் கற்பூரம் காட்டி மூட்டிய அடுப்பை இடம் மாற்றமாட்டார்கள். அது மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

தலை துவட்டிக்கொண்டே மாமியார் வாசலுக்கு வந்தபோது எதிர்ச் சைட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது. அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் சோமனூர்ச் சித்தி நின்றிருந்தார்.

"ஏனுங்க்கா, சமையல் பின்னாலன்னு சொன்னீங்க?" என்று சித்தி கேட்டார்.

"காத்து இந்தப் பக்கம் அடிக்குதுல்ல. பொக ஊட்டுக்குள்ள வந்துபோடும்" என்றார் மாமியார்.

ஒறம்பரை முன்னால் வீட்டுச் சண்டையைக் காட்டமாட்டார் என்று தெரிந்துதான் செய்தேன். எந்த மரியாதை எங்களிடம் கிணற்றை மறைத்ததோ அதே மரியாதை அன்று என்னைக் காப்பாற்றியது.

ஆனால் பின்புறம் அப்படியே திறந்து கிடந்தது. கை கழுவ வருவார்கள். குழந்தைகள் ஓடுவார்கள். நான் பீரோவில் இருந்த சேலைகள், படுக்கை விரிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக் குழாயடியில் நனைத்து, பொடக்காலியின் குறுக்கே கொடி கட்டி, நெருக்கமாகக் காயப்போட்டேன். அந்தப்புறம் வாழையும் கல்லும். இந்தப்புறம் பின்வாசல் படியில் நான். கை கழுவ முன்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்தேன்.

ஊரே கேட்டது. விசேஷ நாளும் அதுவுமாக யாராவது துணி துவைப்பார்களா? சித்தி சொன்னதுதான் எல்லோரையும் சிரிக்கவைத்தது.

"புள்ளைக்கு அந்தப் பக்கம் காது குத்தறாங்க. தாய்க்காரி கொடித்துணிக்குக் காவல் நிக்கறா. பட்டுச்சேலைய எவனாவது தூக்கீட்டுப் போயிருவான்னு பயமாட்டிருக்குது."

நானும் சிரித்தேன். படியைவிட்டு நகரவில்லை.

முன்வாசலில் தட்டு வைத்து, என் அண்ணன் மணையில் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியைச் சந்தனத்தில் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். "அம்மணி, வா, புள்ள உன்னத் தேடுது" என்று கணவர் கூப்பிட்டார். போகலாம், ஒரு நிமிஷம்தானே என்று எழுந்தேன். அப்போது கொடித்துணிக்கு அந்தப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. விலக்கிப் பார்த்தால், சித்தியின் பேத்திகள் இரண்டு பேர் சேலைக்கு அடியில் குனிந்து புகுந்து, வாழையடியில் நின்று, கடப்பாரை போன துளைக்குள் கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காதை மண்ணில் வைத்துப் படுத்திருந்தாள்.

"சத்தமே வரல, நீயும் கேளு" என்றாள் மற்றவளிடம்.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. இருவரையும் கைக்கு ஒருவராகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். காலடியில் மண் மெத்தைபோல அமுங்கியது. அமுங்கியதா, என் கால்தான் நடுங்கியதா என்று இன்றும் தெரியாது. படியேறியபோது முன்வாசலிலிருந்து என் மகள் வீரிட்டு அழுவது கேட்டது. ஒரு காது. நான் அந்தப் பெண்களை முன்கூடத்து ஆசாரத்தில் நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைவதற்குள் இரண்டாவது அழுகையும் வந்துவிட்டது.

அண்ணன் மடியிலிருந்து அவளை வாங்கக் கைநீட்டினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, முகத்தை அண்ணன் தோளில் புதைத்துக்கொண்டாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. இலை போட்டு, சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கி, எல்லோரும் நல்லபடியாகப் போனார்கள். நான் காயப்போட்ட துணிகள் காய்ந்து விறைத்திருந்தன. மாமியார் அவற்றை மடித்து வைக்க எனக்கு உதவினார். கடைசிச் சேலையை மடித்தபோது, "என்ற பேரச் சொல்லி அடுப்ப மாத்துனயாமா" என்றார். ஆமாங்க அத்தை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். மழைக்கு முன்னால் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார். இப்போதைக்குத் தண்ணீர் விடவேண்டாம் என்றார். தோண்ட ஆள் சொல்லியிருந்தோம். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. நான் பின்னறைக் கதவைப் பூட்டிச் சாவியை என் தாலிக்கொடியிலேயே கோத்துக்கொண்டேன். கணவர் அதைப் பார்த்தார். எனக்கோ எல்லாம் என் மனப்பிராந்திதானோ என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது. நடக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நடக்காமலே போனால் என்னை என்ன நினைப்பார்கள் என்றும் யோசித்தேன். இப்படி இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டிருப்பது மிகவும் கேவலமான உணர்ச்சி.

ஒரு மத்தியானம் மழை சட்டென்று வலுத்தது. நான் ஆசாரத்தில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் கொடியில் துணி கிடக்கிறது என்று பின்புறம் ஓடினார். "போகாதீங்க அத்தை" என்றேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது. வட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தபோது ஒரு சத்தம் வந்தது. இடி போல இல்லை. பெரிய குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் விட்டு விட்டு வெளியேறுமே, அப்படி ஒரு மடக் மடக் சத்தம். தரை ஒருமுறை சிலிர்த்து நின்றது. பூட்டிய அறைக்குள் ஏதோ கண்ணாடி உடைந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றேன். முன்வாசல் போவதா, பின்னால் அவரைப் பார்ப்பதா? குழந்தையைத் தெருவில், மழையில், பக்கத்து அக்காவின் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன்.

மாமியார் பின்வாசல் படியில் நின்றிருந்தார். நெஞ்சோடு அணைத்த ஈரத்துணி. அவருக்கு முன்னால் பொடக்காலி இல்லை. வாழைகள் நின்ற நிலையிலேயே கீழே போயிருந்தன. ஒன்றின் இலை நுனி மட்டும் விளிம்பில் ஆடியது. துவைக்கிற கல் இல்லை. கொடிக்கம்பி ஒருபக்கம் அறுந்து பள்ளத்துக்குள் தொங்கியது. கருமண் குழம்பு பள்ளத்தின் சுவரிலிருந்து பிசிறு பிசிறாகச் சரிந்துகொண்டிருந்தது. வலதுபுறம், பின்னறையின் மூலை அஸ்திவாரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல், காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. பந்து போய்ச் சேருகிற மூலை.

"பாப்பா எங்க?" என்றார் மாமியார்.

"அக்காகிட்ட இருக்குதுங்க."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே இருவரும் பின்பக்கமாக நடந்து, ஆசாரத்தைத் தாண்டி, தெருவுக்கு வந்தோம். துணிகளை அவர் கீழே போடவில்லை.

அதன் பிறகு கருங்கல்லும் கான்கிரீட்டும் இறக்கி மூடியது, பின்னறையை இடித்தது, என் அம்மா வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது எல்லாம் பெரிய கதை. வீட்டை விற்றுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாங்குகிறவரிடம் சொல்லியா, சொல்லாமலா என்ற கேள்வியில் அது நின்றுபோனது. மாமியார் என்னிடம் நீ சொன்னது சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருமுன் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். பார்க்கிறவர்கள் வாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி சைட் இருந்தது. கிணற்றின் அந்தப்பக்கத்துக் கரை அதற்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று எங்களுக்கும் தெரியாது. போன தை மாதம் ஒரு இளம் தம்பதி அதை வாங்கினார்கள். அந்தப் பெண் கைக்குழந்தையோடு, குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு, பூமி பூஜைக்கு அழைக்க வந்தாள். நெற்றியில் புதிதாக வைத்த பொட்டு. முகம் முழுக்கச் சிரிப்பு. நான் குங்குமம் எடுத்துக்கொண்டேன். மாமியார் ஆசாரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"உங்க எடத்துல ஒரு கெணறு இருக்குதுங்க" என்றேன். "மூடுன கெணறு. எதுவரைக்கும்னு தெரியாது. தோண்டிப் பாக்காம கட்டாதீங்க."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். சரிங்க என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் அடுத்த வீட்டுக்கு அழைக்கப் போகவில்லை, நேராகத் திரும்பிவிட்டாள். இன்னும் இரண்டு நாள் கழித்து, அவள் கணவரிடம், வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன்.

"அவியளும் புள்ளைய வெச்சிருக்கறவிய" என்றார் மாமியார், கத்தியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பூமி பூஜைக்கு எங்களை மறுபடி கூப்பிடவில்லை. வாரக்கணக்கில் அங்கே ஆட்கள் குழி தோண்டினார்கள். கருமண் வெளியே வந்து குவிந்தது. வீடு இப்போது சைட்டின் முன்பக்கம் நெருக்கிக் கட்டப்பட்டிருக்கிறது, பின்பக்கம் வேலி மட்டும். அந்தப் பெண் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பாள், நின்று பேசுவதில்லை. அவர்கள் பின்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. எல்லாம் முன்சலதாரை வழியாகத் தெருவுக்கு வந்து, சைக்கிள் போகமுடியாமல் தேங்கி நிற்கிறது. அந்தத் தெருவே அவர்களைத் திட்டுகிறது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட நான் அந்த வழியாகத்தான் போகிறேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் அங்கே நிற்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத் தாண்டுகிறேன்.